ஆடாமல் இரு: ஒரு ஒளிக்கருவியின் தொண்ணூறு வருசம்

ஓடிக்கொண்டிருக்கிற ஒருவரின் கையில் இருக்கிற ஸ்மார்ட் வோட்ச் 172 என்று காட்டுகிறது. அது இதயம் அடித்த எண்ணிக்கையா, கால் நிலத்தில் பட்ட எண்ணிக்கையா? பகிடிக்குக் கேட்கவில்லை. வேகமாக ஓடும்போது காலடி நிமிடத்துக்கு 150க்கும் 180க்கும் இடையில் விழும். இதயமும் அந்த நேரம் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் அடிக்கும். வோட்ச் இதைவிட்டு அதைப் பிடித்துக்கொள்வது உண்மையாகவே நடக்கிற விஷயம். கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். எங்களை இழுத்தது இதற்குப் பின்னால் இருக்கிற வரலாறுதான். எதை இரைச்சல் என்று ஒதுக்குவது, எதைச் செய்தி என்று எடுப்பது என்ற கேள்வி அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

1937இல் இருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் சென் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் படிப்பித்த அல்றிக் ஹேர்ட்ஸ்மன், தோலுக்கு ஒளி பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியை ஒரு ஒளிமின் கலத்தால் அளந்தார். இதயம் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் தோலுக்குள் இரத்தம் கொஞ்சம் கூடும். கூடிய இரத்தம் கூடுதலான ஒளியை விழுங்கும். ஆகவே ஒளி குறைந்து கூடுவதைப் பார்த்தால் நாடித்துடிப்பு தெரியும். இன்றைய வோட்சின் அடிப்பகுதியில் நடப்பதும் இதேதான்.

தொல்லை என்னவென்றால், துடிப்பால் மாறுகிற ஒளி மிகச் சிறியது. திரும்பி வருகிற மொத்த ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அது, மணிக்கட்டில் அதுவும் இல்லை. மிச்சமெல்லாம் தோல், கொழுப்பு, எலும்பு, அசையாமல் நிற்கிற இரத்தம். கை கொஞ்சம் அசைந்தாலே அந்தச் சின்னத் துடிப்பு மூழ்கிவிடும். கருவி தோலில் வழுக்கினால் அளவீடு பிழைக்கும் என்பதை ஹேர்ட்ஸ்மனே கவனித்தார். அந்தக் காலத்துத் தீர்வு இலகுவானது: ஆடாமல் இரு. கருவிக்கு ஏற்ற மாதிரி மனிசர் இருக்கவேண்டும்.

இந்த வரலாற்றில் எங்களுக்கு மிகப் பிடித்த ஆள் யப்பானின் டக்குவோ அயோயாகி. நிஹோன் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியியலாளர். 1970களின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறொன்று. இரத்தத்தில் ஒரு சாயத்தை ஏற்றி, காதுமடலில் ஒளி பாய்ச்சி, சாயம் எவ்வளவு வேகமாகக் கரைந்து போகிறது என்று பார்த்து, இதயம் எவ்வளவு இரத்தத்தைத் தள்ளுகிறது என்று கணக்கிட நினைத்தார். சாயத்தின் கோடு வழுவழுப்பாக வரவேண்டும். ஆனால் அதன்மேல் நாடித்துடிப்பு ஏறி நின்று கோட்டை நெளித்துக் கொண்டேயிருந்தது. அவருக்கு அப்போது துடிப்புத்தான் இரைச்சல்!

அதைக் களைய இரண்டாவது நிற ஒளியையும் பாய்ச்சி, இரண்டையும் ஒன்றோடொன்று ஈடுசெய்தார். துடிப்பு மறைந்தது. பிறகு இரத்தத்தில் ஒட்சிசன் அளவு மாறினால் இந்த ஈடுசெய்தல் குழம்பிப் போவதைக் கண்டார். வேறொருவர் என்றால் எரிச்சல்பட்டு விட்டிருப்பார். அயோயாகி அதைத் திருப்பிப் பிடித்தார்: குழம்புகிற அளவை அளந்தால் ஒட்சிசனையே அளக்கலாமே. 1974இல் அதை அறிவித்தார். கோவிட் நேரம் விரலில் மாட்டிய ஒக்சிமீற்றரின் வழி அதுதான். அந்தக் கருவிக்கு உலகமே அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார்.

1980களில் ஒக்சிமீற்றர் சத்திரசிகிச்சைக் கூடங்களைப் பிடித்துக்கொண்டது. அதற்கு ஒரு காரணம் கருவியின் திறமை. இன்னொன்று, மயக்க மருந்து கொடுத்த நோயாளி அசையமாட்டார் என்பது. ஹேர்ட்ஸ்மன் கேட்ட அதே நிபந்தனை, ஊசி மூலம் நிறைவேறியது. அதே கருவியைக் குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குக் கொண்டு போனபோது கதை மாறியது. குழந்தை காலை உதறும், உடனே அலாரம் அடிக்கும். பொய் அலாரம் கனக்க அடித்தால் உண்மையான அலாரத்துக்கும் ஒருவரும் ஓடிவரமாட்டார்கள். அசைவு ஒரு தொழில்நுட்பத் தொல்லையாக இருந்தது போய், உயிர் சம்பந்தப்பட்ட விஷயமானது இங்கேதான்.

இதற்கான கருவிப்பெட்டி வேறொரு துறையில் ஏற்கெனவே இருந்தது. ஸ்டான்போர்டின் பேர்னார்ட் விட்ரோவும் அவருடைய குழுவும் 1975இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தாயின் இதயத்துடிப்பு மூடி மறைக்கிற கருவிலுள்ள குழந்தையின் துடிப்பை எப்படிப் பிரிப்பது என்று காட்டினார்கள். வழி இதுதான்: தாயின் துடிப்பைத் தனியாக இன்னொரு இடத்தில் பதிவு செய். பிறகு அதைத் தானாகத் திருத்திக்கொள்கிற ஒரு வடிகட்டி வழியாகக் கலவையில் இருந்து கழி. இரைச்சலைத் துரத்த வேண்டுமென்றால் முதலில் அதைத் தனியாக, கவனமாகக் கேட்கவேண்டும். 1989இல் ஜோ கியானி தொடங்கிய மசிமோ நிறுவனம் ஒக்சிமீற்றருக்குள் கொண்டு வந்தது இந்தச் சிந்தனையைத்தான். கை அசையும்போது நாளங்களில் இருக்கிற இரத்தமும் குலுங்கும், கருவி அதை நாடி இரத்தம் என்று நம்பிவிடும் என்பது அவர்களின் கணிப்பு. நாளத்தின் குலுக்கலைப் பிரித்தெடுத்துக் கழித்தார்கள்.

ஓட்டக்காரரின் கதை இதற்குள் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. பின்லாந்தின் போலர் நிறுவனம் 1980களிலேயே நெஞ்சுப் பட்டியால் இதயத்தின் மின்துடிப்பை எடுத்து மணிக்கட்டுக்கு அனுப்பியது. நல்ல வேலை செய்தது. ஆனால் நெஞ்சில் ஈரப் பட்டி கட்டிக்கொண்டு ஓட எல்லோருக்கும் விருப்பமில்லை. 2013 அளவில் மியோ அல்பா என்ற வோட்ச் பட்டியில்லாமல் மணிக்கட்டில் ஒளியாலேயே அளந்து காட்டியது. 2015இல் அப்பிள் வோட்ச் வந்ததோடு இது சாதாரண விஷயமாகிவிட்டது.

ஏன் பச்சை ஒளி? ஈமோகுளோபின் பச்சையை நன்றாக விழுங்கும். அதோடு பச்சை தோலுக்குள் ஆழமாகப் போகாது. சிவப்பு ஆழத்துக்குப் போய், அங்கே ஆடுகிற தசையின் குலுக்கலையும் அள்ளிக்கொண்டு வரும். நிறத்தைத் தெரிந்ததே அசைவுக்கு எதிரான முதல் காவல். இரண்டாவது காவல் அக்சலரோமீற்றர், அதாவது ஆர்முடுகலை அளக்கிற சிறு சில்லு. கை எப்படி ஆடுகிறது என்று அது தனியாகச் சொல்லும். அதைக் கழிக்கலாம். விட்ரோவின் பழைய வழிதான்.

ஆனால் காலடியும் இதயமும் ஒரே வேகத்தில் போனால்? கழிக்கப் போனால் இரண்டும் சேர்ந்து போய்விடும். 2015இல் சிலின் சாங் என்ற ஆய்வாளரும் அவரின் சகாக்களும் இதற்கு ஒரு வழிமுறை வெளியிட்டார்கள். இதயம் ஒரு கணத்தில் 90இல் இருந்து 170க்குப் பாயாது, ஆகவே சற்று முந்திய எண்ணுக்குக் கிட்ட இருப்பதைத் தேடு என்பது அதில் ஒரு படி. ஓட்டப்பட்டியில் மணிக்கு 15 கிலோமீற்றர் வரை ஓடியவர்களிடம் சராசரிப் பிழை நிமிடத்துக்கு 2.34 துடிப்பு மட்டுமே. அதே வருசம் இதே பிரச்சினையை வைத்து இளமாணி மாணவர்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டியும் நடந்தது. எங்கட வயதுப் பிள்ளைகள்தான்.

ஓடிய அந்த 12 பேரும் 18 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண்கள். இந்த வரி எங்களை நிறுத்தியது. மாவிடிக்கிற கை, சைக்கிள் ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கிற கை, நடுங்குகிற வயோதிபரின் கை ஒன்றும் ஓட்டப்பட்டியில் ஆடுகிற மாதிரி ஆடாது.

தோல் நிறம்? 2020இல் அமெரிக்க வைத்தியசாலைகளின் தரவு ஒன்று, கறுப்பின நோயாளிகளின் ஒட்சிசன் குறைவை விரல் ஒக்சிமீற்றர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதைக் காட்டியது. வோட்சின் பச்சை ஒளியும் கறுத்த தோலில் இப்படித்தான் தடுமாறும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். ஆனால் அதே வருசம் டியூக் பல்கலைக்கழகத்தில் எல்லாத் தோல் நிறங்களையும் சேர்ந்த 53 பேரிடம் நடந்த ஆய்வு, இதயத்துடிப்பு எண்ணுவதில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. வித்தியாசம் வந்தது வோட்சுக்கு வோட்ச், அசைவுக்கு அசைவு. அசையும்போது பிழை ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 வீதம் கூடியது. ஒரு ஆய்வோடு கேள்வி முடியாது, இருந்தாலும் ஹேர்ட்ஸ்மன் சொன்ன தொல்லை இன்னும் அதே இடத்தில்தான் நிற்குது.

எந்த நேரம் அளந்த எண், எந்த நேரம் ஊகித்த எண் என்று வோட்ச் முகத்தில் கனதரம் தெரியாது. இரண்டும் ஒரே எழுத்தில்தான் மின்னும். டியூக் ஆய்விலும் சரி, அந்த 12 பேரின் ஓட்டத்திலும் சரி, ஒளி சொன்ன விடையைத் திருத்துவதற்கு விடைத்தாளாக வைக்கப்பட்டது நெஞ்சில் ஒட்டிய ஈ.சீ.ஜீ.