திரும்பி வந்த அமைச்சர்

1958 ஜனவரி. பம்பாயில் நீதிபதி எம்.சி.சாக்லாவின் விசாரணையைக் கேட்கத் திரண்ட கூட்டம் அறைக்குள் அடங்கவில்லை. வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். உள்ளே சாட்சி சொன்னவர்களில் ஒருவர் நேருவின் நிதியமைச்சர், நம் சென்னைக்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

விசாரணைக்குக் காரணம் முந்தைய ஆண்டு நடந்த ஒரு முதலீடு. அப்போது எல்.ஐ.சி. தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. 1957 ஜூனில் அது கல்கத்தா தொழிலதிபர் ஹரிதாஸ் முந்திராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. முதலீட்டுக் குழுவை யாரும் கலந்து பேசவில்லை. அத்தனையும் பாலிசிதாரர் பணம். மக்களவையில் இதைக் கிளப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. அமைச்சருக்குத் தெரிந்துதான் நடந்தது என்றார் நிதித்துறைச் செயலர் எச்.எம்.படேல். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் டி.டி.கே. செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்லா முடித்துவிட்டார். பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

1962-ல் திருச்செந்தூர் தொகுதியில் அவர் போட்டியின்றித் தேர்வானார். முந்திரா விவகாரம் பற்றி வாக்காளர் தீர்ப்புச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. மறு ஆண்டே மறுபடி நிதியமைச்சர்!

அதே 1963-ல் பிரிட்டனில் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ, ஒரு பெண்ணுடனான தொடர்பு பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். பிறகு அரசியல் பக்கமே அவர் தலைகாட்டவில்லை. லண்டனின் ஏழைப் பகுதியில் தொண்டு செய்தார், 2006-ல் இறக்கும்வரை அந்த விவகாரம் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன். அதிகாரத்தைக் கேட்காதவரிடம் விளக்கம் கேட்க நமக்கு உரிமை இல்லை.

டி.டி.கே.யின் நிலை வேறு. திறமைசாலி, நிர்வாகி, எல்லாம் சரி. ஆனால் எந்தத் துறையில் பொறுப்பேற்று விலகினாரோ அதே துறைக்கு வந்தவர், படேலுக்கும் தனக்கும் இடையே நடந்தது என்ன என்று மக்கள் முன் முழுக் கணக்குச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்காருவதே முறை. 1965 இறுதியில், மகன்களின் தொழில் தொடர்பான புகார்களுக்கு நடுவே அவர் இரண்டாம் முறை விலகினார். சாக்லா தன் தரப்பை 1973-ல் சுயசரிதையில் எழுதினார். படேல் 1977-ல் தானே நிதியமைச்சரானார்.

இந்தக் கதையைத் தேடிப் படிக்க இடமும் இருக்கிறது. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களைக் காத்துவருகிறது. இதழியல் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. மாணவர்களே, பதவிக்குத் திரும்பும் ஒருவரைப் பேட்டி காணப் போகுமுன் 1958-ஆம் ஆண்டு இதழ்களைத் தேடிப் படியுங்கள். முதல் கேள்வி பழைய ராஜினாமாவைப் பற்றியே இருக்கட்டும்.