பட்டாலையில் மிஞ்சிய புழு

தென்சீனத்தின் முத்து நதிக் கழிமுகம் தாழ்வான பூமி, மழைக்காலத்தில் வெள்ளக்காடாகிவிடும். ஷுண்டே, நான்ஹாய் பகுதிக் குடியானவர்கள் பள்ளத்தை மேலும் தோண்டிக் குளமாக்கி, அந்த மண்ணைச் சுற்றிலும் கரையாக உயர்த்தினார்கள். முதலில் கரைகளில் பழமரங்கள் நின்றன. மிங் ஆட்சியின் பிற்பகுதியிலிருந்து அந்த இடத்தை மல்பெரி பிடித்துக்கொண்டது.

1757-இல் சிங் பேரரசு மேற்கத்தியக் கடல் வணிகத்தைக் குவாங்சோ துறைமுகத்துக்குள் அடக்கியது. பட்டு தேடிவந்த கப்பல்கள் அங்கேயே குவிந்ததால், நெல்வயல்களும் குளமும் கரையுமாக மாறின.

கரையில் பறித்த தழை பட்டுப்புழுவுக்கு. புழுவின் எச்சமும் தின்று மிஞ்சிய தழையும் குளத்துக்கு. கூட்டை வெந்நீரிலிட்டு நூலெடுத்தபின் உள்ளே கிடக்கும் கூட்டுப்புழுவும் குளத்துக்கே. புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக் கெண்டை, சேற்றுக்கெண்டை என மீன்கள் நீரின் வெவ்வேறு மட்டங்களில் மேய்ந்தன. குளத்தடிச் சேற்றை அள்ளி மறுபடி மல்பெரியின் வேருக்கு இட்டார்கள். அந்தப் பகுதியின் வெப்பத்தில் ஆண்டுக்கு 7 முறைகூடப் புழு வளர்க்க முடிந்தது.

1 கிலோ கச்சாப் பட்டு எடுத்தால் சுமார் 8 கிலோ ஈரப் புழு மிஞ்சும். உலர்ந்தால் 2 கிலோ. உலர்ந்ததில் ஏறத்தாழ பாதி புரதம். ஆய்வுக்கூடமின்றி அதன் அருமையை அறிந்த அந்தக் குடியானவர்கள் வணங்கத்தக்கவர்கள்.

1870-களின் தொடக்கத்தில், வியட்நாமில் வணிகம் செய்து ஊர் திரும்பிய சென் சியுவான் நான்ஹாயில் நீராவிப் பட்டாலை நிறுவினார். ஆலைகள் பெருகின. ஆனால் 1929-க்குப் பின் உலகப் பெருமந்தத்தில் பட்டு விலை சரிந்தது. மல்பெரியைப் பிடுங்கிப் பலர் கரும்பு நட்டார்கள். குளம் இருந்தது, மீன் இருந்தது, புழு இல்லை. மீனுக்கென்று யாரும் புழு வளர்த்ததில்லையே! பட்டு விற்ற காசுதான் மீனுக்கும் சோறு போட்டது.

ஜப்பானிலும் ஒருகாலத்தில் கெண்டைக்குக் கூட்டுப்புழு தீனியாக இருந்தது. அங்கே வேறொரு பாடம் கிடைத்தது. புழுவில் கொழுப்பு மிகுதி. அது காறிப்போனால், தின்ற மீனின் முதுகுச் சதை வற்றியது. வைட்டமின் ஈ சேர்த்தால் இந்நோயைத் தடுக்கலாம் என்று 1960-களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மாட்டுப் பித்துநோய்க்கு அஞ்சி 2001-இல் கால்நடைத் தீவனத்தில் விலங்குப் புரதத்தைத் தடுத்த ஐரோப்பிய ஒன்றியம், 2017-இல் மீன் தீவனத்துக்கும் 2021-இல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தது. இப்போது தீவனத்துக்காகவே ஈ, வண்டுகளின் புழுக்களை ஆலைகளில் வளர்க்கிறார்கள். முழுச் செலவையும் புழுவே சுமக்க வேண்டியிருப்பதுதான் இதன் சிக்கல். இத்துறையில் பெருமுதலீடு திரட்டிய பிரான்சின் இன்செக்ட் நிறுவனம் 2024-இல் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது.

இதற்கு மாறாக, தென்னிந்தியப் பட்டு ஊர்களில் நூலெடுப்போர் கூட்டுப்புழுவை விற்றுவிடுகிறார்கள். வாங்குவோர் எண்ணெய் பிழிகிறார்கள், கோழிக்கும் மீனுக்கும் தீவனம் ஆக்குகிறார்கள். புழு வளர்த்த செலவைப் பட்டு ஏற்கெனவே ஈடுகட்டிவிடுகிறது.