ஆறாவது சூத்திரம்: ஆந்திர மகளிர் சங்கங்களும் குழந்தைப் பராமரிப்பும்

ஆந்திரத்து மகளிர் சங்கங்களின் வரலாற்றைக் கடனின் வரலாறாக எழுதுவதே வழக்கமாகிவிட்டது. 1982-83இல் டுவாக்ரா (ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டம்), 2000இல் வெலுகு (மாநில வறுமை ஒழிப்புத் திட்டம்), 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் என்று திட்டங்களை அடுக்குவார்கள். பிள்ளைகளின் சோறும் உடல்நலமும் கடைசி அத்தியாயத்தில் ஒரு துணைத்தலைப்பாக வரும். வெலுகு முதலில் நுழைந்த ஆறு மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. நான் மனத்தில் வைத்து எழுதும் திருச்சானூர், 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிரியும்வரை அதில்தான் இருந்தது. இப்பகுதிச் சங்கங்களைப் புரிந்துகொள்ள கடன் முதலில், பிள்ளை கடைசியில் என்ற வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கடன்மைய வாசிப்புக்கு வலுவான வடிவம் தந்தவர்கள் உலக வங்கியைச் சேர்ந்த கிளாஸ் டைனிங்கரும் யான்யான் லியூவும். 2009இல் வெளியான அவர்களது ஆய்வறிக்கை பெரியதொரு குடும்பக் கணக்கெடுப்பின்மேல் நிற்கிறது. வெலுகு திட்டம் நடந்த பகுதிகளில் உணவின் சத்து கூடியிருந்தது. பெண்களின் சமூக, பொருளாதார வலிமையும் கூடியிருந்தது. உறுப்பினர்களின் நுகர்வு உயர்ந்தது. வருமானமும் சொத்தும் உயர்ந்ததற்குச் சான்று கிட்டவில்லை. ஆகவே முட்டுப்பாடான மாதங்களைச் சமாளிக்க முடிந்ததும், வருவாய் வழிகள் பலவானதுமே அதுவரை கண்ட பொருளாதாரப் பயன் என்று முடிக்கிறார்கள். அவர்களுடைய எண்களோடு எனக்கு வழக்கில்லை. விளக்கத்தோடுதான் வழக்கு.

அவர்களே தரும் இரண்டு முடிவுகள் அந்த விளக்கத்துக்குள் அடங்க மறுக்கின்றன. ஒன்று, சங்கத்தில் சேராத பெண்களின் நிலையும் திட்டப் பகுதிகளில் உயர்ந்தது. வாங்காத கடன் அவர்களுக்கு எப்படி உதவியிருக்கும்? இதைப் புறப்பயன் என்று பெயரிட்டு நிறுத்துவது பெயர் வைப்பதே தவிர விளக்கம் ஆகாது. இரண்டு, சத்துணவில் கண்ட முன்னேற்றம் பழைய சங்கத்தாரைவிடப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கே அதிகம். கடன்தான் காரணம் என்றால், சேமிப்பும் வங்கிப் பழக்கமும் முதிர்ந்த பழைய சங்கங்கள் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? பழையவர்கள் அந்தப் பலனை ஏற்கெனவே அடைந்துவிட்டார்கள் என்று பதில் வரலாம்; அதற்கும் இடமுண்டு. சங்கங்கள் அரிசியை மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குக் கடனாகப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடும் இருந்தது. உலையில் அரிசி கூடியதற்கு அது நேர்க்காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் அரிசி வீட்டுக்கு வருவது வேறு, அது பிள்ளையின் தட்டுக்குப் போவது வேறு. இடையில் நடப்பதைக் கடன் பேரேடு சொல்லாது.

இங்கே சங்கங்களின் சொந்தப் பாடம் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். சங்க நடைமுறைக்கு அடிப்படை பஞ்ச சூத்திரம்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உறுப்பினர்களுக்குள் கடன், தவணை பிசகாமல் திருப்பிச் செலுத்துதல், பாக்கி இல்லாத கணக்கு எழுத்து. இதன் விரிந்த வடிவம் தச சூத்திரம். அதில் உடல்நலம்–சத்துணவு–சுகாதாரம், கல்வி, ஊராட்சியில் பங்கேற்பு, அரசு உரிமைகளைப் பெறுதல், நிலையான வாழ்வாதாரம் என ஐந்து கூடுகின்றன. ஐந்து பத்தான ஆண்டை நான் அறுதியிடவில்லை. பரவியது 2011ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் என்று கொள்வது பொருந்தும். இந்தப் பாடவேறுபாட்டைப் பார்த்தவுடன், முதலில் பணம், பிறகு பிள்ளை என்றுதான் தோன்றும். ஆனால் பழைய ஐந்திலேயே தலைமை இடம் சேமிப்புக்கு இல்லை, கூட்டத்துக்கு. ஐந்தில் நான்கு பணத்தைப் பற்றியவை. பணமல்லாத அந்த ஒன்று முதலில் நிற்கிறது. அந்த இடத்தைத் தற்செயலாக நான் கருதவில்லை.

காரணம் அண்டை மாவட்டமான நெல்லூரில் இருக்கிறது. 1992இல் அங்கே சாராயக் கடைகளை மறித்த பெண்கள் கடன் கேட்டுக் கூடியவர்கள் அல்லர். எழுத்தறிவு இயக்க வகுப்புகளில் கூடியவர்கள். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்தை நிறுத்திய கதை தொடர்கல்விப் பாடநூலில் இடம்பெற்று, பிற ஊர்களிலும் வாசிக்கப்பட்டது. கூலி சாராயத்துக்குப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதே அவர்களின் முறையீடு. 1993 ஏப்ரலில் நெல்லூரிலும் அக்டோபரில் மாநிலம் முழுவதும் சாராயம் தடையானது. நாளுக்கு ஒரு ரூபாய் சேர்க்கும் பொதுப்பு லட்சுமி இயக்கம் அதைத் தொடர்ந்து நெல்லூரில் எழுந்தது. ஆக, கூட்டம் முன்பே இருந்தது, சேமிப்பு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. அந்தக் கூட்டத்தை மறியலுக்கு இழுத்தது வீட்டுச் சோறு; எண்வரிசையில் ஆறாவதாக வரும் சத்துணவுச் சூத்திரம் காலவரிசையில் பணம் பற்றிய நான்குக்கும் மூத்தது.

கூட்டத்தில் நடப்பது என்ன? உள்கடன் வேண்டுமானால், எதற்கு என்பதைப் பத்துப் பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “பாப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல்” என்றால் பணத்துக்கு முன்னால் கேள்வி வரும்: “ஏம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையா? நீ வேலைக்குப் போனா யார் பாத்துக்கறா?” கேட்பவள் அதிகாரி அல்லள், அதே தெருவில் அதே கூலிக்குப் போகிறவள். 1986ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், கவனிப்பாரற்ற பிள்ளையை வாரியத்தின் முன் நிறுத்த வழி செய்தது. அதாவது எல்லாம் கைமீறிய பிறகு. சங்கத்துக் கேள்வி அதற்கு வெகுமுன்னே எழுகிறது, தாயைக் குற்றக் கூண்டில் ஏற்றாமல்.

கடனைக் கழித்துவிட்டுக் கூட்டத்தின் பயனை மட்டும் பார்க்க முடியுமா? ஜார்க்கண்ட், ஒடிசாவில் ஏக்ஜுட் அமைப்பு நடத்தியது ஏறத்தாழ அதைத்தான். பெண்கள் மாதந்தோறும் கூடி, தாய்சேய் நலச் சிக்கல்களைத் தாங்களே இனங்கண்டு வழி தேடினார்கள். 2010இல் வெளியான முடிவின்படி பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாண்டில் 32 விழுக்காடு குறைந்தது. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மிதமான மனச்சோர்வு 57 விழுக்காடு குறைவாக இருந்தது. சோர்ந்து கிடக்கும் தாயால் பிள்ளையைக் கவனிக்க முடியாது என்பதால் இரண்டாவது எண்ணே எனக்கு முக்கியம். பழங்குடிக் கிராமங்களின் கணக்கைத் திருச்சானூருக்கு அப்படியே பொருத்த முடியாதுதான்.

கூட்டம் என்றாலே அரவணைப்பு என்றும் சொல்லவரவில்லை. நுண்கடன் நிறுவனங்கள் கூட்டுப் பொறுப்பைக் கையில் எடுத்தபோது, ஆறுதல் சொன்ன அதே பக்கத்து வீட்டுக்காரி தவணைக்காக வாசலில் உட்கார்ந்தாள். தற்கொலைச் செய்திகள் வந்த பிறகு 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. டைனிங்கர்–லியூ வாசிப்பு சரியென்றால் அந்தக் கடனும் முட்டுப்பாட்டைத் தீர்த்திருக்க வேண்டும். கூட்டத்தில் என்ன பேசப்படுகிறது என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது.

சோறில்லாத பேச்சுக்கும் எல்லை உண்டு. ஜார்க்கண்ட்–ஒடிசாவில் 2017இல் முடிவு வெளியான மற்றோர் ஆய்வில், கூட்டங்களும் வீட்டுச் சந்திப்புகளும் எடைகுறைவையும் சிசு இறப்பையும் குறைத்தன. குழந்தைகளின் உயரத்தில் மாற்றம் காணவில்லை. ஆந்திரச் சங்கங்கள் 2007 முதல் நடத்திய சத்துணவுப் பகல்காப்பகங்களில் பேச்சும் சோறும் ஓரிடத்தில் சேர்ந்தன. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். செலவில் ஒரு பங்கை அவர்களே கொடுத்தார்கள். சமைத்தவர்களும் சங்கத்துப் பெண்கள். 2013இல் அமிர்த ஹஸ்தம் என்ற பெயரில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடியிலேயே ஒருவேளை முழு உணவு தரும் திட்டத்தை அரசு தொடங்கியது. முந்தியதில் கற்றதைப் பிந்தியது எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பது தனியே ஆராய வேண்டியது.