மொழியறிவை அளக்கும் கோல்

நெல்லை அளக்க மரக்கால் உண்டு. துணியை அளக்க முழக்கோல் உண்டு. ஒருவர் கற்ற அயல்மொழியை அளக்க யாது உண்டு? அமெரிக்க ஐக்கிய நாட்டுக் கல்விக்கூடங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடிவரும் வினா இது. அத்தேடலின் வரலாற்றைச் சுருங்கக் கூற விழைகிறேன்.

அந்நாட்டில் நெடுங்காலமாக ஒரு கணக்கு வழங்கிவருகிறது. உயர்நிலைப் பள்ளியில் ஈராண்டு கற்ற பிரெஞ்சு, கல்லூரியில் ஓராண்டு கற்ற பிரெஞ்சுக்குச் சமம் என்பதே அது. பள்ளி மாணவர் நாளுக்கு ஒரு பாடவேளையாக, ஆசிரியர் கண்முன்னே மெல்ல மெல்லக் கற்கின்றார். கல்லூரி மாணவரோ, வகுப்பில் ஒரு மணி அமர்ந்தால் வெளியே இரண்டு மணி தாமே பயிலவேண்டும் என்பது மரபு. ஆகவே, பள்ளி ஈராண்டில் நடத்தும் இலக்கணத்தைக் கல்லூரி ஓராண்டில் முடித்துவிடுகிறது.

காலத்தைக் கொண்டு கல்வியை அளக்கும் இவ்வழக்கம் வேரூன்றிய கதை வியப்புக்குரியது. 1905-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்னிகி என்னும் செல்வர், கல்லூரி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஓர் அறநிலையம் நிறுவினார். அதன் உதவியை நாடிய கல்லூரிகள், தம்மிடம் சேரும் மாணவர் பள்ளியில் 14 அலகுகள் முடித்திருக்கவேண்டும் என விதித்தன. ஓர் அலகு என்பது ஒரு பாடத்தில் 120 மணி நேரப் படிப்பு. ஓய்வூதியத்தை ஒட்டிப் பரவிய அளவு, மொழிக்கும் அளவாயிற்று.

மணிக்கணக்கு அறிவுக்கணக்கு ஆகுமா? பென் உட் என்னும் அறிஞர் நியூயார்க் பள்ளிகளில் தேர்வு நடத்தி, 1927-இல் முடிவுகளை வெளியிட்டார். கீழ்வகுப்பினர் பலர் மேல்வகுப்பினர் பலரை விஞ்சி நின்றனர்! 1929-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கையோ, பெரும்பாலோர் ஈராண்டோடு மொழியைக் கைவிடுவதைக் கண்டு, படித்துப் பொருளறியும் ஆற்றலே போதிய குறிக்கோள் என்றது. பேச்சுப் பயிற்சி பின்தங்கியது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பேசத் தெரிந்தவர்கள் இராணுவத்திற்குத் தேவைப்பட்டனர். 1943-இல் கல்லூரிகளிலேயே தனிப் பயிற்சி தொடங்கிற்று. சிறு குழுக்கள், வாரத்திற்கு ஏறத்தாழ 15 மணி நேரம், உடன் உரையாட அம்மொழிக்கே உரியவர்கள். சில மாதங்களில் வீரர் பலர் பேசலாயினர். பழைய ஆண்டுக்கணக்கு ஆட்டங்கண்டது.

1967-இல் ஜான் கேரல் என்னும் உளவியலறிஞர் மற்றோர் உண்மையை வெளியிட்டார். அயல்மொழியையே சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெறும் நிலையிலிருந்த மாணவரின் பேச்சுத் திறன், 0 முதல் 5 வரையுள்ள அளவில் பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையிலேயே நின்றது. இளமையிலே தொடங்கியோரும், அம்மொழி வழங்கும் நாட்டில் வாழ்ந்து வந்தோரும் முந்தி நின்றனர். இத்தகைய ஆராய்ச்சிகளின் பின்னர், 1986-இல் அந்நாட்டு அயல்மொழி ஆசிரியர் மன்றம் தொடக்கம், இடைநிலை, மேல்நிலை, மிகுதேர்ச்சி எனத் திறனை வைத்தே படிகள் வகுத்தது.

இது வெறும் அலுவலகக் கணக்கன்று. சான்றிதழில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி, தகுதிக்கு மேற்பட்ட வகுப்பில் அமர்த்தினால் மாணவர் திணறுவார்; கற்றதையே மீண்டும் கற்பித்தால் சலிப்படைவார். இரு வழியிலும் இழப்பு ஒன்றே: மொழியின்மேல் உள்ள ஆசை. ஆதலின், சேர்க்கையின்போதே தேர்வு வைத்து உரிய வகுப்பைக் காட்டும் முறையே சாலச் சிறந்தது என்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே, நீங்களும் ஓர் அயல்மொழி கற்கக்கூடும். எத்தனை ஆண்டு கற்றோம் என்று எண்ணுவதோடு நில்லாதீர்கள். அம்மொழியில் ஒரு கடிதம் எழுத இயலுமா, வழி கேட்டறிய இயலுமா, ஒரு செய்தித்தாளைப் படித்துணர இயலுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.