மாமல்லபுர ஆய்வின் நூலகத் தடம்

மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை 1788இல் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளியானது. ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின் பாபிங்டன் என்பவர் அங்குள்ள கல்வெட்டுகளின் படிகளைத் தந்தார். இப்படிச் சிதறிக் கிடந்த கட்டுரைகளை கேப்டன் கார் திரட்டி, 1869இல் சென்னையில் ஒரே நூலாக அச்சிட்டார். ஊரப்பாக்கத்திலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ இத்துறைக்கு வரும் கல்லூரி மாணவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்தத் தொகுப்பைத்தான்.

இச்சின்னங்களின் முறையான காலக்கணிப்பு ஒரு கல்லூரி ஆசிரியரிடமிருந்து வந்தது. புதுச்சேரியில் கற்பித்த ழூவோ துப்ராய், தூண், போதிகை (தூணின் மேல் உத்திரம் தாங்கும் உறுப்பு), கூடு (குதிரைலாட வடிவ வளைவு அணி) ஆகியவற்றின் வடிவ மாற்றத்தை அடுக்கி, 1914இல் தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய பிரெஞ்சு நூலை வெளியிட்டார். அளவு வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல் அந்த முறை இல்லை. மாமல்லபுர மலையடியில் நின்று பார்ப்பவருக்குக் காஞ்சிக் கோயிலின் தூண் கண்முன் இராது. நூலக மேசையில் இரண்டு ஊர்த் தூண்களும் சேரும்.

1962இல் இரா. நாகசாமி, மாமல்லபுரச் சின்னங்கள் அனைத்தும் பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தவை என்று வாதிட்டார். பல மன்னர்களுக்குப் பகிரும் பழைய கணிப்போடு இது மோதுவதால், இரு தரப்பையும் கல்வெட்டுப் பாடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். நூல்வழிக் கல்வி இவ்வூரிலேயே தொடர்கிறது: மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர் அரசு கல்லூரியானது. அங்கு உளியோடு சிற்பநூல்களும் பாடம்.