டிராக் டே: மாற்றியமைத்த காரும் இலங்கையின் ஓடுதடங்களும்

டிராக் டே என்பது, அன்றாடம் வீதியில் ஓடும் சொந்தக் காரை ஒரு நாள் மூடிய ஓடுதடத்துக்குக் கொண்டுபோய் அதன் எல்லைவரை ஓட்டிப் பழகும் ஏற்பாடு. இதில் பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. பல நாடுகளில் சுற்று நேரத்தை அளப்பதற்கே அனுமதியில்லை. பங்குபற்றுவோரை அனுபவத்தின்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் பதினைந்து, இருபது நிமிடங்களுக்குத் தடத்தில் இறக்குவார்கள். முந்திச் செல்வது பெரும்பாலும் நேரான பகுதிகளில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டிய பிறகே. காலையில் ஓட்டுநர் விளக்கக் கூட்டம், வாகனப் பரிசோதனை, கொடிகளின் பொருள் ஆகியவை முடிந்த பின்னரே எஞ்சினை முடுக்கலாம். கொழும்பில் கார்களை மாற்றியமைக்கும் ஆர்வம் நெடுங்காலமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கார்களை அவற்றின் வலுவுக்கு ஏற்ப ஓட்ட முறையான இடமும் நாளும் மிகக் குறைவு. மாற்றியமைத்த காருக்கு உரிய இடம் தடம்தான் என்பதும், தடத்துக்கு ஆயத்தமாகும் ஒழுக்கமே இந்தப் பொழுதுபோக்கின் உயிர் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வரலாறு

பொதுமக்கள் தங்கள் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் வழக்கத்துக்குப் பழமையான உதாரணம் ஜெர்மனியின் நூர்பர்கிரிங். 1927இல் திறக்கப்பட்ட நாள் முதல் அங்கே கட்டணம் செலுத்திய எவரும் தம் வாகனத்தோடு நுழைய முடிந்தது. இன்று அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.8 கிலோமீற்றர் நீளம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கைவிடப்பட்ட விமானத்தளங்கள் பலவும் பந்தயத் தடங்களாயின. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 1948இல் முதல் கிராண்ட் பிரீ நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் போர்க்கால ஓடுபாதையில் 1950கள் முதல் பந்தயங்கள் நடந்தன. இலங்கை ஓட்டுநர்களும் அங்கே சென்று போட்டியிட்டிருக்கிறார்கள். இலங்கையில் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுக்குருந்தையின் கதையும் இதுவே. போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் வான்தளமாக இருந்த அந்த இடத்துக்கு, பருந்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லால் ‘உக்குஸ்ஸா’ என்று பெயரிட்டிருந்தார்கள். போருக்குப் பின் அதன் தார்ப்பரப்பு கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்குப் பயன்பட்டது. நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் இதற்கும் முந்தியது. அதன் தொடக்கம் 1934.

சோழவரத்துக்கும் கட்டுக்குருந்தைக்கும் இடையே பின்னர் ஏற்பட்ட வேறுபாடு கவனிக்கத்தக்கது. சென்னையின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஓடுபாதையை நம்பியிருந்த நிலையை விட்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீற்றர் நீளமான நிரந்தரத் தடத்தை அமைத்து 1990இல் திறந்தது. கோயம்புத்தூருக்கு அருகே காரி மோட்டார் ஸ்பீட்வே பின்னர் வந்தது. நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் பார்முலா ஒன் வரை போனதற்குப் பின்னால் அந்த மண்ணில் வேரூன்றிய தடப் பண்பாடு இருக்கிறது. இலங்கையிலோ பந்தய நாட்காட்டி பெரிதும் படையினரின் நிலங்களைச் சார்ந்தே வளர்ந்தது: தியத்தலாவையில் பொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா என்று சரளைத் தடங்கள். சரளையில் வழுக்கி ஓடுவது தனிக் கலை. தரைக்குத் தாழ்த்தி, அகன்ற டயர் பூட்டிய வீதி ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்தப் பரப்பு பொருந்தாது. அதற்குத் தார் வேண்டும்.

கார்களும் மாற்றங்களும்

இலங்கையில் வாகனங்கள் இடப்பக்கம் ஓடுவதால், ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள ஜப்பானியக் கார்கள் மாற்றமின்றி இங்கே பொருந்துகின்றன. ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர் எவலூஷன், சுபாரு இம்ப்ரெசா ஆகியவை இளைஞர்களின் கனவுக் கார்களானதற்கு இதுவும் காரணம். உதிரிப்பாகம் தேடுகிறவர்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து எட்டிவிடும் தூரத்திலுள்ள பஞ்சிகாவத்தைக்குப் போவார்கள். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த எஞ்சினும் கியர்பொக்ஸும் அங்கே கடை வாசலிலேயே அடுக்கியிருக்கும். 1997இல் வந்த சிவிக் டைப் ஆர், டர்போ இல்லாத 1.6 லீற்றர் எஞ்சினிலிருந்து நிமிடத்துக்கு 8,200 சுழற்சியில் 185 குதிரைவலுவை எடுத்தது. இப்படியொரு கார் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் தொடங்கும் வரிசை ஒன்றுதான்: சத்தமான சைலன்சர், காற்று வடிகட்டி, தாழ்த்தும் ஸ்பிரிங், பெரிய ரிம். தடம் கேட்கும் வரிசை இதற்கு நேரெதிர். முதலில் பிரேக், அடுத்து டயர், பிறகு எஞ்சினின் குளிரூட்டலும் எண்ணெயும், பிறகு இருக்கையும் பட்டியும். வலுவைக் கூட்டுவது கடைசி வேலை.

இந்த வரிசைக்குக் காரணம் எளிய கணக்கு. ஓட்டுநரோடு 1,150 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்திலிருந்து வளைவுக்காக 60க்கு இறங்கும்போது, பிரேக்குகள் ஏறத்தாழ 710 கிலோயூல் ஆற்றலை வெப்பமாக்குகின்றன. கிணற்றடியில் 30 பாகைச் சூட்டில் இருக்கும் 2.4 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கொழும்பின் காலி வீதியில் இப்படி ஒரு பிரேக் பிடிப்பு எப்போதாவது ஒருமுறை நேரலாம். தடத்திலோ ஒவ்வொரு சுற்றிலும் சில தடவை, இருபது நிமிடம் தொடர்ந்து நேரும். டிஸ்க் ஆற நேரமில்லாததால் வெப்பம் பிரேக் எண்ணெய்க்குப் பரவுகிறது. டொட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். கடலோரக் கொழும்பின் ஈரக்காற்றில் இரண்டு மூன்று வருடம் மாற்றப்படாத எண்ணெய் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் கொதித்தால் குழாயில் குமிழி உண்டாகும். குமிழி நசுங்கும், எண்ணெய் நசுங்காது. பெடல் பஞ்சுபோல் தரைவரை போகும், கார் நிற்காது. ஒரு போத்தல் புதிய பிரேக் எண்ணெய் ஒரு ரிம்மின் விலையில் சிறு பங்குதான். ஆனாலும் பலர் ரிம்மைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

டயரும் எஞ்சின் எண்ணெயும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. நான்கு டயர்களும் நிலத்தைத் தொடும் பரப்பு ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கையளவுதான். அந்தப் பிடியைப் பிரேக் பிடிக்கவோ திரும்பவோ செலவிடலாம். இரண்டுக்கும் முழுதாகக் கேட்டால் பிடி விட்டுப்போகும். ஆகவேதான் நேரான பகுதியிலேயே பிரேக்கை முடித்து, மெல்ல நுழைந்து, வேகமாக வெளியேறச் சொல்கிறார்கள் பயிற்றுநர்கள். முன்சக்கர உந்து காரில் வளைவின் நடுவே பதறி அக்சிலரேட்டரை விட்டால் எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் வழுக்கும். மழை நாளில் காலி வீதியில் இந்தத் தவறைச் செய்பவருக்கு எதிரே பேருந்து இருக்கும். தடத்தில் எதிரே இருப்பது புல்வெளி. எஞ்சினுக்குள்ளும் இதே விசைகள் வேலை செய்கின்றன. நீண்ட வளைவில் எண்ணெய் தொட்டியின் ஒரு பக்கம் ஏறிக்கொள்ள, உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். பேரிங்குகள் எண்ணெயின்றித் தேயும். தொட்டிக்குள் தடுப்புத் தகடு பொருத்துவதும் எண்ணெயை மேல் அளவுக்கோட்டில் வைத்திருப்பதும் தடத்துக்குப் போகிறவரின் கடமைகள்.

பாதுகாப்பு

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள்; அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். இலங்கை மோட்டார் விளையாட்டைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த நாளைத் தாண்டிப்போக முடியாது. வேகமாக ஓடும் கார் எப்போதோ ஒரு முறை தடத்தை விட்டு விலகவே செய்யும். ஆகவே அது விலகும் திசையில் மனிதர் நிற்காதபடி பார்ப்பதே ஏற்பாட்டாளரின் முதல் வேலை. டிராக் டேயில் பெருங்கூட்டம் கூடுவதில்லை, முந்தும் வெறியும் இல்லை. ஆகவே ஆபத்தைக் குறைப்பது எளிது. எளிது என்பதற்காகத் தடுப்பு வேலி, கொடி காட்டுவோர், தீயணைப்புக் கருவி, மருத்துவ வண்டி ஆகியவற்றில் ஒன்றையும் விட்டுவிட முடியாது. தலைக்கவசமும் சரியான பட்டியும் இல்லாதவரைத் தடத்தில் இறக்கக் கூடாது. சாதாரணக் காப்புறுதி பொதுவாகத் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்காது என்பதையும் ஓட்டுநர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

தடத்தில் வேகத்தைச் சுவைத்தவர் வீதியிலும் அதையே தேடுவார் என்பது முதல் மறுப்பு. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் உயிரிழக்கும் நிலையில் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வலுவான கார்கள் ஏற்கெனவே நகரத்தில் இருக்கின்றன. தடம் இல்லாததால் அவை மறைந்துவிடவில்லை. தன் பிரேக் எத்தனை மீற்றரில் நிறுத்துகிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று கண்ணால் கண்டவருக்கு, நெரிசலான வீதியில் அந்த எல்லையை நெருங்குவது எவ்வளவு பொறுப்பற்றது என்று புரிய வாய்ப்பாவது உண்டு. வீதிப் பந்தயத்தில் பிடிபட்டவருக்குத் தடத்தில் இடமில்லை என்று கழகங்கள் உறுதியாக விதித்தால் அந்த வாய்ப்பு வலுப்படும். பணக்காரர் விளையாட்டு என்பது இரண்டாவது மறுப்பு. பெரிய எஞ்சின் கார்களைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் நிசான் மார்ச், சுசுகி சுவிப்ட் போன்ற சிறிய, எடை குறைந்த கார்களே பழகுவோருக்கு நல்ல ஆசிரியர்கள். டயரும் பிரேக் பட்டையும் அவற்றில் நீண்ட நாள் நிற்கும், வலு குறைவு என்பதால் தவறை வலு மறைக்காது.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது: அந்நியச் செலாவணியும் எரிபொருளும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. 2022இல் மக்கள் நாட்கணக்கில் பெற்றோல் வரிசையில் நின்றார்கள், கியூஆர் பங்கீட்டு முறையில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. ஒரு காருக்கு ஒரு டிராக் டே அந்த வாரப் பங்கைவிட அதிகம் எரிக்கக் கூடும். ஆகவே நெருக்கடிக் காலத்தில் இந்தப் பொழுதுபோக்கு ஒதுங்கி நிற்பதே முறை. சாதாரணக் காலத்தில் கேள்வி வேறு. வருடத்தில் சில நாட்கள், ஏற்கெனவே இருக்கும் தார்ப்பரப்பில், ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் கார்களால் நடக்கும் ஏற்பாடு புதிய டொலர் செலவைப் பெரிதாகக் கேட்பதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியைப் பிடித்துத் தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் போனால் கட்டுக்குருந்தை வந்துவிடும். இடமும் காரும் ஆர்வமும் இருக்கின்றன. பொறுப்புள்ள கழகங்கள் விதி வகுத்து, நிலத்துக்கு உரியவர்களிடம் அனுமதி பெற்று, வருடத்துக்குச் சில நாட்களையாவது பழகுவோருக்கென்று ஒதுக்க வேண்டும். காரை மாற்றியமைக்கும் இளைஞர்கள் அடுத்த சைலன்சருக்கு முன் பிரேக் எண்ணெயை மாற்ற வேண்டும். காலி வீதி பாடசாலைப் பிள்ளைகளும் பேருந்துப் பயணிகளும் நடந்துபோவோரும் பயன்படுத்தும் வீதி. அங்கே ஒரு காரின் வேகத்தைச் சோதிக்க எவருக்கும் உரிமை இல்லை.