சுவரில் எழுதிய கை

விவிலியத்தில் இறைவன் தன்னை வெளிப்படுத்தும் விதங்கள் பல. மோசேக்கு எரியும் முட்செடியிலிருந்து குரல் கேட்டது. எலியாவுக்குக் காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் கடந்த பின்னர் ஒரு மெல்லிய ஓசை கேட்டது. சீனாய் மலையில் கற்பலகையில் கட்டளைகள் கிடைத்தன. ஆனால் தானியேல் புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் வருவதோ, ஓர் அரசவை முழுவதும் படிக்கவியலாமல் திகைத்து நின்ற எழுத்து. இலக்கியம் வாசிக்கும் நமக்கு இந்த அற்புதத்தின்மீது தனி ஈர்ப்பு ஏற்படுவதில் வியப்பில்லை.

கதை பலரும் அறிந்ததுதான். பாபிலோனில் பெல்ஷாத்சார் தன் பிரபுக்கள் ஆயிரம் பேருக்கு விருந்தளிக்கிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து நேபுகாத்நேச்சார் கவர்ந்து வந்த பாத்திரங்களைக் கொண்டுவரச் செய்து, அவற்றில் மது அருந்துகிறார்கள். அப்போது விளக்குத்தண்டிற்கு எதிரே, சுண்ணம் பூசிய சுவரில், ஒரு மனிதக் கையின் விரல்கள் தோன்றி எழுதுகின்றன. கல்தேய ஞானிகள் தோற்றுப்போகவே, யூதச் சிறையிருப்பில் வந்த முதியவர் தானியேல் அழைக்கப்படுகிறார்.

இதில் வரலாறு எவ்வளவு? ஹெரோடோடஸும் செனோபோனும் பெல்ஷாத்சார் என்ற பெயரைக் குறிப்பிடவில்லை. அவன் வெறும் கற்பனைப் பாத்திரம் என்று கருதிய அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் இருந்தார்கள். 1854இல் தென் ஈராக்கிலுள்ள ‘ஊர்’ என்னும் பழநகரின் கோபுர மேட்டில் களிமண் உருளைகள் கிடைத்தன. ஆப்பெழுத்தில் பொறித்த அந்த வேண்டுதலில், பாபிலோனின் கடைசி மன்னன் நபோனிதஸ், தனக்காகவும் தன் மூத்த மகன் பெல்ஷாத்சாருக்காகவும் சந்திரக் கடவுளிடம் மன்றாடுகிறான். நபோனிதஸ் ஏறக்குறையப் பத்தாண்டுகள் அரேபியப் பாலைவனத்துத் தேமாவில் தங்கிவிட, தலைநகரை ஆண்டவன் இந்த மகனே என்பதும் பிற ஆவணங்களால் தெளிவாயிற்று. எழுத்தைப் படிப்பவனுக்கு இராச்சியத்தில் ‘மூன்றாம்’ இடம் தருவதாக அவன் ஏன் சொன்னான் என்பதற்கும் இது ஒரு விளக்கம்: இரண்டாம் இடத்தில் அவனே இருந்தான்!

இதைக் கண்டு விசுவாசிகள் வெற்றி முழக்கமிட்டது இயல்பே. ஆயினும் கணக்கு அவ்வளவு எளிதில் நேராவதில்லை. கதை நேபுகாத்நேச்சாரை அவனுடைய தந்தை என்கிறது. உண்மைத் தந்தை நபோனிதஸ். கதையின்படி நாட்டைக் கைக்கொண்டவன் மேதியனாகிய தரியு; அப்படியொருவனை வரலாறு அறியாது. கி.மு. 539 அக்டோபரில் பாரசீக மன்னன் கோரேசின் படை போரின்றி நகருள் நுழைந்ததாகவே பாபிலோனியக் குறிப்பேடு சொல்கிறது. மறந்துபோன ஒரு பெயரைச் சரியாக நினைவில் வைத்திருந்த கதை, உறவுமுறையிலும் வாரிசு வரிசையிலும் தடுமாறுகிறது. வாய்மொழியாக நெடுங்காலம் வழங்கிய கதைகளின் இயல்பு இதுதான் என்று நாம் எண்ணுகிறோம்.

இனி அந்த எழுத்துக்கு வருவோம். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு மெனே, தெக்கேல், உப்பார்சின் என்னும் சொற்கள் மந்திரம்போல் ஒலிக்கும். (உப்பார்சினில் உள்ள ‘உ’ நம் ‘உம்’ போன்ற இணைப்பிடைச்சொல், சொல்லோடு ஒட்டியே தமிழுக்கு வந்துவிட்டது.) 1886இல் கிளெர்மோன்-கன்னோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஓர் எளிய உண்மையைச் சுட்டிக்காட்டினார்: இவை மந்திரமல்ல, சந்தைச் சொற்கள். மெனே என்பது மினா, அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ எடை. தெக்கேல் என்பது சேக்கல். பாபிலோனில் அறுபது சேக்கல் ஒரு மினா. பெரேஸ் என்பது அரை மினா. நம் பாட்டன்மார் வழக்கில் சொன்னால், சுவரில் இருந்தது ‘ஒரு வீசை, ஒரு வீசை, ஒரு பலம், அரைவீசைகள்’ என்பது போன்ற ஒன்று. மளிகைக்கடைச் சிட்டை!

அப்படியானால் ஞானிகளால் ஏன் படிக்க முடியவில்லை? யூத ரபிமார் பல காரணம் சொன்னார்கள். எழுத்து மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருந்தது என்பது அவற்றுள் ஒன்று. 1630களில் ரெம்பிராண்ட் தீட்டிய, இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்திலுள்ள ஓவியத்தில் எழுத்துகள் அவ்வாறே உள்ளன. கடைசி எழுத்தை ஓவியர் பிழையாக எழுதிவிட்டார் என்பது வேறு கதை. எங்களுக்கு இந்தப் புதிர்க் காரணங்கள் தேவையாகத் தோன்றவில்லை. அரமேய மொழி மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்பட்டது. உயிரொலிக் குறிகள் மிகப் பிற்காலத்தவை. புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்தவர்கள் இந்த இடர்ப்பாட்டை அறிவர். அதே மெய்களைப் பெயராகப் படித்தால் எடைக்கற்கள். வினையாகப் படித்தால் எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது. மூன்றாவதில் பாரசீகரின் பெயரும் ஒளிந்திருக்கிறது. நம் ‘பாரசீக’த்திலும் அந்த ஒலிகள் உண்டு. தானியேல் செய்தது பெயர்ச்சொல்லை வினைச்சொல்லாக்கியதுதான். சந்தையில் பொருளை நிறுக்கும் சொல், அரசனை நிறுத்துப் பார்த்தது, எடை குறைந்தது.

அந்தக் கையைவிட இந்த வாசிப்பே வெளிப்பாடு என்று கொள்ள ஒரு காரணம் உண்டு. எழுத்தை விளக்குமுன் தானியேல் அரசனுக்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறார்: செருக்குற்ற நேபுகாத்நேச்சார் அரியணை இழந்து, மாடுபோலப் புல் தின்று திரிந்தான். இவையெல்லாம் உனக்குத் தெரியும், தெரிந்தும் தாழ்மைப்படவில்லை என்கிறார். புதிதாக எதுவும் அறிவிக்கப்படவில்லை. அறிந்த மொழியின் அறிந்த சொற்கள்தாம், அறிந்த வரலாறுதான்.

இக்கதைகள் முன்பே வழங்கி வந்தவை என்றாலும், தானியேல் புத்தகம் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 160களில் என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து. கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ் எருசலேம் ஆலயத்தைக் கொள்ளையிட்டுப் பாத்திரங்களை எடுத்துச் சென்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்று இதைக் கேட்ட யூதன், விருந்து மண்டபத்துப் பொற்கிண்ணங்களைப் பற்றிப் படிக்கும்போது பாபிலோனையா நினைத்திருப்பான்? தன் காலத்து அரசனின் பெயரைச் சொல்ல அஞ்சியவர்களுக்கு ஒரு பழைய அரசனின் பெயர் உதவியிருக்கிறது.

கதையின் முடிவு விசித்திரமானது. தண்டனைத் தீர்ப்பைக் கேட்ட பெல்ஷாத்சார் சினக்கவுமில்லை, மன்றாடவுமில்லை. வேண்டாம் என்று முன்பே மறுத்துவிட்ட தானியேலுக்குச் செந்நிற அங்கியும் பொன் சரப்பணியும் அணிவித்து, இராச்சியத்தில் மூன்றாமவர் என்று பறைசாற்றச் செய்கிறான். அன்றிரவே அவன் கொல்லப்பட்டான்.